கழகம் கண்டுபிடித்த கை

எங்கள் வீட்டில் மாவு பொங்காமல் போன முதல் நாள், நான் நல்லம்மாளைக் குற்றம் சொல்லவில்லை. முப்பத்தொரு வருடத் திருமண வாழ்க்கையில் அந்த அளவுக்காவது விவரம் வந்திருக்கிறது. மழையைச் சொன்னேன். இரண்டாம் நாள் உளுந்தைச் சொன்னேன். மூன்றாம் நாள் சொல்வதற்கு ஆள் கிடைக்காமல், "எதுக்கும் இன்னொரு நாள் பாப்போமே" என்றேன். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் தரப் பரிசோதகனாக இருந்து, பெட்டி பெட்டியாக 'ஓகே' ஸ்டிக்கர் ஒட்டியவன் நான். ஒரு பொருள் சரியில்லை என்று தெரிந்தும் இன்னொரு நாள் பார்ப்பதுதான் எங்கள் தொழிலின் அடிப்படை.

நான்காம் நாள் காலையிலும் மாவு அப்படியே கிடந்தது. ஒரு குமிழி இல்லை. சுவருக்கு அடிக்கிற வெள்ளைச் சாயம் மாதிரி, வைத்த அளவில், வைத்த இடத்தில், மிகுந்த ஒழுக்கத்தோடு இருந்தது.

நல்லம்மாளின் மாவு ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி முழுக்கப் போகும். லிட்டில் இந்தியாவில் ஷேக் அலாவுதீன் கடைக்கும் தினமும் இரண்டு வாளி போகும். அரைப்பது கிரைண்டர். கொண்டு போவது நானும் என் மோட்டார் சைக்கிளும். ஆனால் பொங்க வைப்பது அவள் கை. உப்பைப் போட்டு, முழங்கை வரை உள்ளே விட்டு, அடியிலிருந்து மேலே கொண்டுவந்து கலக்குவாள். சில கைக்கு மாவு பொங்கும், சில கைக்குப் பொங்காது என்பது எங்கள் ஆட்களிடம் யாரும் நிரூபிக்கக் கேட்காத விஷயம். "நல்லம்மாக்கா, உங்க கையால கொஞ்சம் கலக்கி விடுங்க" என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவளும் வேண்டா வெறுப்பாக முகத்தை வைத்துக்கொண்டு, உள்ளுக்குள் பூரித்துக்கொண்டு கலக்கிக் கொடுப்பாள்.

அன்றைக்கு ஷேக் அலாவுதீன் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார்.

"முத்து, இது தோசை இல்லலா. காகிதம். ஒரு கஸ்டமர் மடிச்சு சட்டைப் பாக்கெட்ல வச்சுட்டுப் போயிட்டாரு. உங்க வீட்டம்மா கைக்கு என்னாச்சு?"

நல்ல மனிதர். அக்கறையாகத்தான் கேட்டார். நான்தான் வீட்டுக்கு வந்து அதைச் சிரிப்புக்காகச் சொன்னேன். காகிதத்தை நடித்துக்கூடக் காட்டினேன். "ஷேக் கேக்குறாரு, உன் கை ரிட்டயர் ஆயிருச்சான்னு!"

அவள் சிரிக்கவில்லை. வலது கையை விரித்து ஒருமுறை பார்த்தாள். பிறகு அதை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

"போயிருச்சு போலங்க. அவரை வேற ஆள் பாத்துக்கச் சொல்லிருங்க."

அன்றிலிருந்து கிரைண்டர் மேல் துண்டு விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரி பாத்திரத்தோடு வந்தபோது, "கை வலிக்குதும்மா" என்று சொல்லி அனுப்பினாள். என் வாழ்நாளில் நான் சொன்ன ஜோக்குகளில் பெரும்பாலானவை யாருக்கும் புரியாதவை. இது ஒன்றுதான் முழுதாகப் போய்ச் சேர்ந்தது.

வாளிகளைக் கழுவப் போனபோதுதான் எனக்கு அந்த வாடை உறைத்தது. குழாயைத் திறந்தால் நீச்சல் குளம் வாசம். அப்போது நினைவு வந்தது: ஊரெல்லாம் பதாகை தொங்குகிறது. தெளிநீர், கழிவுநீர் ஒருங்கிணைப்புக் கழகம், இந்த ஆண்டைக் 'கிருமி இல்லா ஆண்டு' என்று அறிவித்திருக்கிறது. கையில் கண்ணாடிக் குவளையோடு ஒரு குடும்பம், பல் விளம்பரத்துக்கு நிற்பது போல, தண்ணீரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

கழகத்தின் செயலியில் புகார் கொடுக்கப் போனேன். தண்ணீர் வரவில்லை, குழாய் உடைந்தது, நிறம் மாறியது, பாராட்டு என்று நான்கு பொத்தான்கள். முதல் மூன்றை அழுத்தினால் ஆம், இல்லை என்று மட்டும் கேட்டது. நம் வாயால் நாலு வார்த்தை எழுத இடம் கொடுத்தது 'பாராட்டு' மட்டும்தான். அதில் எழுதினேன்: 'உங்கள் தண்ணீரால் என் மனைவியின் மாவு பொங்கவில்லை.' உடனே நன்றி வந்தது.

இரண்டு நாள் கழித்துக் கழகத்தின் முகப்பு மேசை முன்னால் போய் நின்றேன். மோகனா என்று பெயர் அட்டை மாட்டிய பெண்.

"அங்கிள், மாவு எங்க கீழ வராது."

"தண்ணி வருமா?"

"தண்ணி வரும்."

"அந்தத் தண்ணியில அரைச்ச மாவு?"

"அரைச்ச உடனே அது சாப்பாடு ஆயிருதுலா, அங்கிள். சாப்பாட்டுக்கு வேற டிப்பார்ட்மென்ட்." அவள் கணினியைப் பார்த்தாள். முகம் மாறியது. "அங்கிள், நீங்க பாராட்டுல பதிஞ்சிருக்கீங்களா? அப்ப டைரக்டர் உங்களைப் பாக்கணும். இந்த வருஷம் பாராட்டுன ஆளே நீங்க ஒருத்தர்தான்."

இப்படித்தான் தெளிநீர்ப் பிரிவு இயக்குநர் ஷாருல் அவர்களோடு எனக்கு ஒரு புகைப்படம் எடுக்கப்பட்டது. பேச்சை மலாயில் ஆரம்பித்து, ஆங்கிலத்தில் வளர்த்து, நான் குறை சொல்ல வந்தவன் என்று தெரிந்ததும் தமிழில் இறங்கினார். கோபித்துக்கொள்ளாமல் என்னைச் சுத்திகரிப்பு நிலையத்துக்கே கூட்டிப் போனார். ஆற்றிலிருந்து தேநீர் நிறத்தில் தண்ணீர் வந்தது. படிகாரம் போட்டதும் அழுக்கெல்லாம் பஞ்சு பஞ்சாகத் திரண்டு அடியில் உட்கார்ந்தது. மேலே தெளிந்தது மணல் வழியாக இறங்கியது. உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் மரியாதையே வந்துவிட்டது. பிறகு குளோரின் அறைக்கு வந்தோம். அங்கே அவர் குரல் கோயிலுக்குள் நுழைந்தது போல் தணிந்தது.

"முன்னால ஒரு அளவு போட்டோம். போதும்னு சொன்னாங்க. எனக்குப் போதும்ங்கிற வார்த்தையே பிடிக்காது. இப்ப டபுள். இதுக்குள்ள போன ஒரு உயிர் வெளிய வராது, மிஸ்டர் பிச்சைமுத்து."

"ஆனா, சார், மாவு..."

"எழுபத்தெட்டு அளவீடு பாக்குறோம். எல்லாம் பாஸ். மாவு அதுல இல்ல. பாருங்க, அளவுகோல் எங்களைப் பத்தி ஒருநாளும் புகார் கொடுத்ததில்ல. மக்கள்தான் கொடுக்கிறாங்க. ஏன்? அவங்க தண்ணியைக் குடிக்கிறாங்க. அங்கதான் பிரச்சினை ஆரம்பிக்குது. குடிக்காத வரைக்கும் நம்ம தண்ணி மாதிரி சுத்தமான தண்ணி உலகத்துலயே கிடையாது."

பேசிய களைப்பில் மேசை மேலிருந்த கடைத் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து குடித்தார். நான் புட்டியைப் பார்ப்பதைப் பார்த்தார்.

"தண்ணி மேல முழு நம்பிக்கை இருக்கு. என் வயித்து மேலதான் இல்ல" என்றார். பிறகு நெற்றியைச் சுருக்கினார். "அது சரி, உங்க மாவு எதனால பொங்குது?"

"அதுல சின்னச் சின்ன கிருமி வளரும், சார். அதனால."

அறையில் இருந்த ஊழியர்கள் நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப, கிருமி இல்லா ஆண்டுல, நீங்க ரெண்டு பேரும் வீட்டுக்குள்ள கிருமி வளர்த்துக்கிட்டு இருக்கீங்க."

நான் வியர்த்துப் போனேன். ஆனால் கழகம் பெருந்தன்மையானது. போலீசைக் கூப்பிடவில்லை. அறிவியல் முறைப்படி ஒரு மாவுச் சோதனை நடத்த உத்தரவிட்டது.

சோதனை இதுதான்: ஒரே கடை அரிசி, ஒரே கடை உளுந்து. ஒரு பங்கை எங்கள் வீட்டில் நல்லம்மாள் அரைத்துக் கலக்க வேண்டும். இன்னொரு பங்கைக் கழக அலுவலகத்தில் மோகனா அரைத்துக் கலக்குவாள். மேற்பார்வைக்கு எங்கள் வீட்டுக்கு ஹாஃபிஸ் என்ற அதிகாரி வந்தார். நல்லம்மாளைச் சம்மதிக்க வைக்க எனக்கு ஒரு முழு நாள் ஆயிற்று. கையை உள்ளே விடும்முன் அவள் சாமி படத்தைப் பார்த்தது எனக்குத் தெரியும். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

மறுநாள் காலை இரண்டு பாத்திரங்களும் கழகக் கூட்ட அறையில் நீள மேசை மேல் இருந்தன. மூடிகளைத் திறந்தார்கள். எங்கள் மாவு வெள்ளைச் சாயம். மோகனாவின் மாவு பாத்திரம் தாண்டி வழிந்து, இயக்குநரின் கோப்புத் தாள்களை நனைத்துக்கொண்டிருந்தது. தோசையை ரொட்டிச்சானாய்க் கடையில் மட்டுமே பார்த்து வளர்ந்த பெண் அவள். கைதட்டினார்கள்.

நல்லம்மாள் அந்த வழிந்த மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மோகனாவிடம் போய், அவள் கையைத் தொட்டுப் பார்த்தாள்.

"நல்ல கைம்மா உனக்கு. நல்லாயிரு" என்றாள்.

ஷாருல் எழுந்து முடிவை வாசித்தார். "தண்ணீர் ஒன்றே. அரிசி ஒன்றே. மாறியது கை மட்டும். ஆகவே குறை கலக்கிய கையில் இருக்கிறது. கழகம் யார் மேலும் வருத்தப்படவில்லை. அந்தக் கை நம் தரத்துக்கு உயர வாழ்த்துகிறோம்."

வெளியே வரும்போது மோகனா ஓடி வந்தாள். கண் கலங்கியிருந்தது. "அங்கிள், ஆன்ட்டிகிட்ட சொல்லுங்க. நான் பைப் தண்ணி எடுக்கல. டிஸ்பென்சர்ல இருந்து எடுத்தேன். புட்டித் தண்ணி. ஆபீஸ்ல யாரும் பைப் தண்ணி எடுக்கமாட்டோம். யாரும் என்கிட்ட கேக்கவும் இல்ல."

வழியெல்லாம் நான் நல்லம்மாளிடம் அதைத்தான் சொன்னேன். மோட்டார் சைக்கிளில் கத்திச் சொன்னேன், படியில் மூச்சு வாங்கச் சொன்னேன். லிஃப்ட் அன்றைக்கும் வேலை செய்யவில்லை.

"என்னைச் சமாதானப்படுத்த நீங்க என்ன வேணும்னாலும் சொல்வீங்க" என்றாள்.

"சத்தியமா! அந்தப் பொண்ணே சொல்லிச்சு!"

"நீங்க சத்தியம்னு சொல்லித்தான் எல்லா ஜோக்கும் ஆரம்பிப்பீங்க."

முப்பத்தொரு வருடம் எல்லாவற்றுக்கும் விளையாட்டாகவே பேசிவிட்டால், ஒருநாள் உண்மையைச் சொல்ல வேண்டி வரும்போது அதை வைத்துக்கொள்ள இடம் இருக்காது. ஒன்பதாவது மாடி வரை படிகளை எண்ணிக்கொண்டே ஏறினேன்.

இதற்கிடையில் கழிவுநீர்ப் பிரிவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எங்கள் அடுக்குமாடியின் சாக்கடையில் அளவுக்கு மீறி அரிசியும் உளுந்தும் காணப்பட்டனவாம். நாங்கள் உரிமம் இல்லாமல் உணவுத் தொழிற்சாலை நடத்துகிறோமா என்று விளக்கம் கேட்டார்கள். பொங்காத மாவைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றியது யார் என்று நீங்கள் கேட்காதீர்கள். நான்தான். அவள் கண்ணில் படக்கூடாது என்று வாளி வாளியாக ஊற்றினேன்.

கழிவுநீர் நிலையத்தில் விளக்கம் கேட்க உட்கார்ந்திருந்தவர் ராமதாஸ். என் வயது இருக்கும். காலணி முழங்கால் வரை. என் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, கடிதத்தை மடித்துக் குப்பையில் போட்டார்.

"வாங்கண்ணே, என் புள்ளைங்களைக் காட்டுறேன்."

காட்டினார். பெரிய தொட்டியில் பழுப்புத் தண்ணீர் கொதிப்பது போல் பொங்கிக்கொண்டிருந்தது. அடியிலிருந்து காற்றை ஊதி, கோடிக்கணக்கான கிருமிகளை அவர் வளர்க்கிறார். ஊர்க் கழிவையெல்லாம் அவை தின்று தீர்க்கின்றன. தின்றவை அடியில் படிகின்றன, மேலே தெளிந்தது கடலுக்குப் போகிறது.

"ஒரே கழகம்ணே. மேல்மாடியில ஒருத்தர் கிருமியைக் கொன்னு சம்பளம் வாங்குறாரு, கீழ்மாடியில நான் கிருமியை வளர்த்துச் சம்பளம் வாங்குறேன். ஆண்டு விழாவுல ரெண்டு பேருக்கும் ஒரே மேடை. அவருக்கு மாலை. எனக்கு, 'கொஞ்சம் தள்ளி உக்காருங்க, வாடை வருது.'"

"அவ்வளவு குளோரின் போட்டும் உங்க புள்ளைங்க எப்படிண்ணே பொழைக்குது?"

"இங்க வந்து சேர்றதுக்குள்ள அது போயிருதுலா! அழுக்கு பட்டாலே குளோரின் தீர்ந்துரும். காத்து பட்டாலும் பறந்துரும். அண்ணே, நான் சொன்னேன்னு மேல சொல்லிராதீங்க. வாயகலமான அண்டாவுல தண்ணியைப் பிடிச்சு, மூடாம ஒரு நாள் முழுக்க வைங்க. அவசரம்னா கொதிக்க வச்சு ஆற வைங்க. அப்புறம் அரைங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதான். எழுபத்தெட்டு அளவீடு, ஒரு சோதனைக் குழு, ஒரு புகைப்படம், எல்லாவற்றுக்கும் பிறகு ஓர் அண்டா.

அண்டாவில் தண்ணீர் பிடித்து வைத்தேன். ஒரு நாள் கழித்து முகர்ந்தேன். வாடை இல்லை. அரைக்கக்கூட எனக்குத் தெரியும். ஆனால் அங்கேதான் சிக்கிக்கொண்டேன். நான் கலக்கி மாவு பொங்கினால், கழகம் சொன்னது சரியென்று ஆகிவிடும்: கை மாறியது, மாவு பொங்கியது. பொங்க வேண்டியது அவள் கைக்கு. அவளோ கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு தொலைக்காட்சி பார்த்தாள். சத்தம் வைக்காமலே பார்த்தாள்.

அந்த வாரமே கழகத்திலிருந்து அடுத்த கடிதம். மாவுப் புகாரை முடிக்க, கலக்கியவர் நேரில் வந்து, 'குறை என் கையில்தான்' என்று போராங் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் விசாரணை தொடரும். நல்லம்மாள் கடிதத்தைப் படித்துவிட்டு, நல்ல சேலை எது என்று பீரோவில் தேட ஆரம்பித்தாள். போடப் போகிறாள் என்று எனக்குப் புரிந்தது. பாசாருக்குக் காய்கறி வாங்கப் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு நான் கிளம்பினேன்.

கூட்ட அறையில் மூன்று பேர். நடுவில் ஷாருல்.

"கலக்கியவர் எங்க?"

"நான்தான், சார்."

"பதிவுல நல்லம்மாள்னு இருக்கு."

"அவ கலக்கி முடிச்சப்புறம் நான் கையை விட்டேன், சார். நல்லா, முழங்கை வரைக்கும்."

ஷாருல், ஹாஃபிஸைப் பார்த்தார். "நீ அங்கதானே இருந்த? இவர் கலக்குனாரா?"

ஹாஃபிஸ் என்னைப் பார்த்தார். மேற்பார்வையின்போது அவர் நாற்பது நிமிடம் கீழே போய் ஐஸ் போட்ட செண்டோல் சாப்பிட்டது எங்கள் இருவருக்கும் மட்டுமே தெரியும். அவர் சட்டையில் சிந்திய சீனிப்பாகைத் துடைக்கத் துணி கொடுத்தவன் நான்.

"கலக்கினார், சார்" என்றார் ஹாஃபிஸ். "என் கண்ணால பார்த்தேன்."

"ஏன் முன்னாடியே சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சு, சார்" என்றேன். இது கொஞ்சம் உண்மை.

ஷாருல் நாற்காலியில் சாய்ந்தார். முகத்தில் நிம்மதி. "மிஸ்டர் பிச்சைமுத்து, உங்களை மாதிரி பொறுப்பா பழியை ஏத்துக்கிற குடிமகன் நாலு பேர் இருந்தா, நாங்க தண்ணியே கொடுக்க வேண்டியதில்ல."

சான்றிதழ் நாலே நாளில் வந்தது. கழகத்தின் வரலாற்றில் இவ்வளவு வேகம் இருந்ததில்லையாம். தடித்த தாள், தங்க நிற முத்திரை. 'திரு. பிச்சைமுத்துவின் வலது கை குறைபாடுள்ளது எனக் கழகம் உறுதி செய்கிறது. தண்ணீர் எழுபத்தெட்டு அளவீடுகளிலும் தேறியுள்ளது.' கீழே ஓர் இணைப்பு. அதே காரணத்தைக் காட்டி வேறு இருபத்து மூன்று புகார்களையும் முடித்திருந்தார்கள். வெளுத்துப் போன பள்ளிச் சீருடைகள், கண் எரிச்சல், ஆயர் ஈத்தாமில் ஒரு வீட்டுத் தொட்டியில் செத்துப்போன பதினொரு மீன்கள். எல்லாவற்றுக்கும் என் கைதான். ஆயர் ஈத்தாமுக்கு நான் போயே ஐந்து வருடம் ஆகிறது.

நல்லம்மாள் அதை இரண்டு தரம் படித்தாள். மீன்கள் வந்த இடத்தில் உதடு துடித்தது.

"நீங்க எப்பங்க மாவுல கையை விட்டீங்க?"

"நீ முகம் கழுவப் போனப்ப."

என்னையே பார்த்தாள். நான் விளையாட்டாக ஒன்றும் சொல்லவில்லை. வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டேன், கஷ்டமாகத்தான் இருந்தது. அவள் எழுந்து போனாள். அரிசியும் உளுந்தும் ஊறி, சாயங்காலம் சமையலறையில் கிரைண்டர் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தபோது அண்டாத் தண்ணீரைத்தான் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். பிறகு உப்பைப் போட்டாள். வளையலை மேலே தள்ளிவிட்டு, கையை உள்ளே விட்டாள்.

காலையில் நான் கண் விழித்தபோது சமையலறைத் தரை வெள்ளையாக இருந்தது. மாவு மூடியைத் தள்ளிவிட்டு, மேசையில் வழிந்து, கீழே சொட்டிக்கொண்டிருந்தது. நல்லம்மாள் அதைத் துடைக்காமல் அடுப்பருகே நின்று கல்லில் ஊற்றிக்கொண்டிருந்தாள். தோசையில் ஓட்டை ஓட்டையாக விழுந்தது. வீடு முழுக்கப் புளித்த வாசம்.

"ஷேக்குக்கு ரெண்டு வாளி இருக்கு, கொண்டு போங்க" என்றாள். திரும்பாமலே கேட்டாள்: "அன்னிக்கு நீங்க மாவைத் தொடவே இல்லதானே?"

"இல்ல."

"தெரியும். உங்க கை பட்டிருந்தா மேசையெல்லாம் மாவா கெடந்திருக்கும்."

"தெரிஞ்சுமா கலக்குன?"

"கழகம் வரைக்கும் போயி, மீன் செத்த பழியெல்லாம் ஏத்துக்கிட்டு வந்து நிக்கிற ஆளுக்கு ஒரு தடவை கலக்கிப் பாக்கலாம்னு தோணுச்சு. பொங்கலன்னாலும் பரவால்லன்னு." கரண்டியால் தோசையை எடுத்தாள். "எங்க, நீட்டுங்க அந்தக் கைய."

தட்டு எடுக்கக் கூட விடவில்லை. உள்ளங்கையிலேயே வைத்தாள். முத்திரை குத்திக் குறைபாடுள்ளது என்று உறுதி செய்யப்பட்ட கைதான். ஆனால் சூடு நன்றாகவே தெரிந்தது.